பதினொரு போத்தல்

போடமாட்டன் எண்டு நான் சொல்லேல்லயே சேர். கையெழுத்துத்தானே, போடுறன். ஓ லெவல் வரைக்கும் படிச்சனான், போடத் தெரியும். ஒரு அஞ்சு நிமிசம் இருங்க. அந்தக் கதிரையில இருங்க. சுவரில சாஞ்சிராதீங்க, பெயின்ட் நேத்துத்தான் அடிச்சது, நீங்க வெள்ளச் சட்ட வேற போட்டிருக்கிறீங்க. ஓம், வீட்டில வேற ஆரும் இல்ல. மகள் தையல்காரி வீட்ட போயிருக்கிறா. கதவு ரெண்டும் தொறந்துதானே கிடக்கு, முன்னுக்கு ஜீப்பில ஹில்மியும் இருக்கிறான், ஒரு கதையும் வராது.

ஹில்மி நல்ல பொடியன் சேர். எங்கட ஊர்தான். நிலக்கரிக் கம்பனியில ஊராக்களோட கதைச்சுப் பேசுற வேலை அவனுக்கு. காலையிலயே கோல் எடுத்துச் சொல்லிட்டான், ராத்தா, அரசாங்கத் தண்ணி ஒஃபீஸில இருந்து றொகான் சேர் வருவார், ஒரேயொரு கையெழுத்து, நீங்க ஒண்டும் கதைக்கத் தேவல்ல எண்டு. கதைக்கத் தேவல்ல எண்டு ஆராவது சொன்னா எனக்குக் கதைக்காம இருக்க ஏலாது. மவுத்தான என்ட மனுசனும் இதத்தான் சொல்லுவார்.

அந்த ஃபோம இன்னொருக்கா வாசிங்களன். ஆறுதலா. ஓம்... ஓம்... இந்தப் பதினொரு வீட்டுக் கெணத்துத் தண்ணியையும் நானே என்ட கையால கெணத்திலயிருந்து எடுத்தேன், உண்மை. அவ்வளவுதானே? இதில நான் போட்டா, இண்டைக்கே நீங்க ஃபைல மேல அனுப்புவீங்க. அடுத்த கிழமை பேமிட் வரும். அதுக்கடுத்த கிழமை மெசின் வரும். சரிதானே நான் சொல்லுறது? மூணு குழாய்க் கெணறு. அறுவதடி. ஆ, அறுவது மீட்டரா? அல்லா. நாளைக்குப் பன்னெண்டு மணித்தியாலம் மோட்டர் ஓடும், கரிக் குவியலுக்குத் தண்ணி அடிக்க, கரி கொண்டுபோற பெல்ட் கழுவ, நெருப்புக் கிருப்புப் பத்தினா அணைக்க. சரி. விளங்குது.

இல்ல சேர், எனக்குக் கம்பனியோட கோவம் ஒண்டும் இல்ல. சொன்னா சிரிப்பீங்க. கரிக் குவியலுக்குத் தண்ணி அடிங்க எண்டு பெட்டிசன் எழுதினதே நான்தான். இந்த ஊர் மாதர் சங்கத்துக்கு நான் செக்ரட்டரி. இருநூத்திச் சொச்சம் கையெழுத்து, வீடு வீடா ஏறி எடுத்தனான். கச்சான் காத்து வீசத் தொடங்கினா இங்க இருந்து பாக்கோணும் நீங்க. கப்பலால இறக்கிற கரி முழுக்க அந்த யார்டிலதானே குவிச்சுக் கிடக்கு. காத்து அங்க இருந்து நேரா இங்க. காயப்போட்ட உடுப்பு கறுப்பு, வெங்காயத்தாள் கறுப்பு, பிள்ளையள் மூக்குச் சீறினா அதுவும் கறுப்பு. தண்ணி அடிச்சு நனைச்சு வச்சா தூசி எழும்பாது எண்டு ஆரோ சொன்னாங்க, நானும் அத எழுதினன். கம்பனி என்ன சொல்லிச்சு? சரி, நனைக்கிறம், அதுக்குத் தண்ணி வேணும், தண்ணிக்குக் குழாய்க் கெணறு வேணும் எண்டிச்சு. கேட்டதுக்கு வந்த மறுமொழி. நான் ஆரைப் பேச?

ஹோண் அடிக்கிறான் பாருங்க. அடிக்கட்டும்.

போத்தல் கதைக்கு வாறன் சேர். இதுக்குள்ள நான் எப்பிடி வந்தனான் எண்டு உங்களுக்குச் சொன்னாங்களோ தெரியாது. பேமிட் குடுக்க முந்தி சுத்திவர இருக்கிற கெணறுகளிட தண்ணி எப்பிடி எண்டு பாக்கோணும் எண்டு உங்கட ஒஃபீஸால சொன்னதுதானே. கம்பனி தண்ணி சோதிக்கிற ஒரு லெப்பில இருந்து ரெண்டு ஆம்பிளப் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு வந்திச்சு. அவங்க முதல் வீட்டுப் படலையோட நிண்டுட்டாங்க. ஏனெண்டா, எங்கட பக்கம் கெணறு எல்லாம் வீட்டுக்குப் பின்னால. கெணத்தச் சுத்திக் கிடுகு வேலி. பொம்புளையள் குளிக்கிற இடம், உடுப்புத் தோய்க்கிற இடம், அதுக்குள்ள அந்நிய ஆம்பிள போக ஏலுமா? ஹில்மிக்குத்தான் யோசனை வந்தது. ஒரு பொம்புளைக்குப் பழக்கிவிட்டா அவ உள்ளுக்குப் போய் எடுப்பா எண்டு. வேற ஆரு, செக்ரட்டரிதான்.

நல்லாத்தான் பழக்கினாங்க. இப்பவும் சொல்லுவன். மோட்டரப் போட்டுப் பத்து நிமிசம் ஓடவிட்டு, பிறகு போத்தல அந்தத் தண்ணியாலயே மூணு தரம் அலசி, விளிம்பு மட்டும் நிரப்பி, காத்துக் குமிழி இல்லாம மூடி, லேபலில நேரத்தையும் பேரையும் எழுதி, ஐஸ் பெட்டியில வைக்கோணும். கையில கிளவுஸ். ஒரு வரி பிசகாமப் பாடமாக்கினன். சோதினைக்குக் கூட நான் அப்பிடிப் படிக்கேல்ல.

பிறகு கைருன்னிஸாட வீட்ட போறன். ரெண்டாம் நம்பர் உங்கட லிஸ்டில, பாருங்க. போறன், கெணத்தடிக்குப் போகப் பாத்தா, அவ குசினி வாசல்ல நிக்கிறா. கையில போத்தல். நிரப்பி, மூடி, துணியால துடைச்சும் வச்சிருக்கிறா. இந்தா ராத்தா, எடுத்து வச்சிட்டன், நீங்க ஏன் வெயிலுக்குள்ள கெணத்தடிக்குப் போறீங்க எண்டு கேக்கிறா. முதல் நாளே வெறும் போத்தல ஒவ்வொரு வீட்டுக்கும் குடுத்து வச்சது என்ட பிழைதான். நான் கேட்டன், கெணத்துத் தண்ணிதானே எண்டு. அவ என்ட மூஞ்சியப் பாக்கேல்ல. அரசாங்க ஒஃபீஸுக்குப் போற தண்ணி ராத்தா, நம்மட உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணியக் குடுக்கிறதா, வெக்கமில்லயா எண்டா.

ஓம் சேர். பள்ளிவாசலடியில உப்பு எடுக்கிற பில்டர் மெசின் ஒண்டு இருக்கு. கேனில பிடிச்சுக்கொண்டு வருவம். குடிக்கிறதுக்கு அந்தத் தண்ணிதான், ஊர் முழுக்க. அவ அதத்தான் நிரப்பி இருக்கிறா.

கொஞ்சம் பொறுங்க, நான் முழுக்கச் சொல்லி முடிக்கிறன், பிறகு எழுதுங்க. எழுதத் தொடங்கினா எனக்குப் பயம் வந்திடும்.

பஸீனாவும் அப்பிடித்தான். நாலாம் நம்பர். நபீலா ஒரு படி மேல போய், போத்தலுக்குள்ள மஞ்சளா ஏதும் தெரியுதா எண்டு வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துட்டுத்தான் தந்தா. ஆரும் ஆரோடயும் கூடிக் கதைக்கேல்ல சேர், அதத்தான் நான் சொல்ல வாறன். கூட்டம் போட்டுச் செஞ்சதில்ல. பத்துப் பேரும் தனித்தனியா, தங்கட தங்கட குசினிக்குள்ள நிண்டு, ஒரே வேலையச் செஞ்சிருக்கிறாங்க. வீட்டுக்கு ஆரும் வந்து தண்ணி கேட்டா எங்கட கெணத்துத் தண்ணிய நாங்க குடுக்கமாட்டம். எவ்வளவு இல்லாத வீட்டிலயும் வாறவனுக்கெண்டு கேனில ஒரு கிளாஸ் இருக்கும். போத்தல் கேட்டாங்க, அதுவும் அரசாங்கத்துக்கு. வேற எந்தத் தண்ணியக் குடுப்பாங்க?

அதுதான் சேர், உங்கட ரிப்போட்ட எடுத்துப் பாருங்க. பதினொரு வீட்டுக்கும் அந்த உப்பு நம்பர் கிட்டத்தட்ட ஒண்டுதானே? ஒரு வேலிக்கு அங்கால இருக்கிற கெணறு கூட ஒண்டுக்கொண்டு ருசி மாறும் இங்க. என்னது, மழைக்குப் பிறகு எடுத்ததெண்டு நினைச்சீங்களா? ஓகஸ்ட் மாசம் சேர் எடுத்தது. ஓகஸ்டில கல்பிட்டியில எங்க மழை. பள்ளி பில்டரிட நம்பர் அது. நீங்க போன கூட்டத்தில படம் கீறிக் காட்டினீங்க, நல்ல தண்ணி மேல மிதக்குது, அதுக்குக் கீழ கடல் தண்ணி எண்டு. இந்தப் பக்கம் நல்ல தண்ணி தடிப்பா இருக்கு, பன்னெண்டு மணித்தியாலம் இறைச்சாலும் ஒண்டும் ஆகாது எண்டு. பின்வரிசையில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான். அண்டைக்கு எழும்பிச் சொல்லியிருக்கோணும்.

எந்தத் தடிப்பு? எங்கட கெணத்தில இப்பவே சவர்தான். சமைக்கலாம், குளிக்கலாம், தோய்க்கலாம், தொண்டைக்குள்ள இறக்க ஏலாது. அந்த அளவில அல்லா வச்சிருக்கிறான்.

ஓம். தெரிஞ்சுதான் லேபல் ஒட்டினன். மூணு தரம் அலசினதெண்டு எழுதினன். நேரமும் எழுதினன்.

ஏனெண்டு கேக்கிறீங்க. வெக்கம் எண்டு சொன்னனே. வெக்கம் மட்டுமில்லத்தான். உங்களுக்கு எங்கட ஆக்களிட முறை எவ்வளவு தெரியும் எண்டு தெரியாது. நீங்க சிலாபத்துப் பக்கம், சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எண்டு ஹில்மி சொன்னான். எங்களுக்குள்ள பொம்புளப் பிள்ளைக்கு வீடு குடுத்துத்தான் கட்டிக்குடுக்கிறது. மாப்பிள வந்து அந்த வீட்டிலதான் இருப்பார். அப்ப வீட்டப் பாக்க வருவாங்க. கூரை பாப்பாங்க, காணி உறுதி பாப்பாங்க, கக்கூசு பாப்பாங்க, கடைசியாக் கெணறு பாப்பாங்க. நாங்க தொண்ணூறில மன்னாரில இருந்து துரத்திவிட, உடுத்த உடுப்போட வந்த ஆக்கள். எனக்கு அப்ப பத்து வயசு. இந்தத் துண்டு மண்ணக் கல்லுக் கல்லா வீடாக்கிறதுக்கு முப்பது வருசம் போயிட்டு. அதுக்குப் போய் உப்புக் கெணத்து வீடு எண்டு பேர் விழுந்தா?

விழுந்திருக்கு சேர். பஸீனாட மூத்தவளுக்கு. மாப்பிள பக்கத்துப் பொம்புளையள் பின்னேரம் வந்தாங்க, எல்லாம் சந்தோசம், அஸர்த் தொழுகைக்கு நேரமாயிட்டு எண்டு கெணத்தடிக்கு ஒளு எடுக்கப் போனாங்க. வாய் கொப்பளிக்கோணும்தானே. கொப்பளிச்சாங்க. தொழுதாங்க. வட்டிலப்பம் தின்னாங்க. சலாம் சொல்லிட்டுப் போனாங்க. அவ்வளவுதான். வேணாம் எண்டும் சொல்லேல்ல, வேணும் எண்டும் சொல்லேல்ல. அந்தப் பிள்ளை இண்டைக்கும் வீட்டிலதான் இருக்கு. அப்பிடி ஒரு கதை ஊரில கிடக்கேக்க, உங்கட கெணத்துத் தண்ணி உப்பு எண்டு அரசாங்கக் கடதாசியில எழுதி, பேரும் போட்டு, பிரதேச சபைப் பலகையில ஒட்டப்போறாங்க எண்டு சொன்னா, எந்தத் தாய்தான் அந்தக் கெணத்தில இருந்து எடுத்துக் குடுப்பா? குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு எத்தனை எண்டு எண்ணிப்பாருங்க உங்கட லிஸ்டில. எட்டு.

ஹில்மி! கொஞ்சம் பொறு தம்பி, சேர் தேத்தண்ணி குடிக்கிறார். இல்ல, இன்னும் போடேல்ல. போடுவன். நீ ஜீப்புக்குள்ள இரு, வெயிலுக்குள்ள நிக்காத.

தேத்தண்ணி தரவேயில்ல நான், பாத்தீங்களா. வாயில பொய் வந்திட்டு. வேணாமா? சரி.

அதத்தானே நானும் யோசிச்சன் சேர், நீங்க கேக்கிறது நியாயம். ஓகஸ்டில மூடின வாய ஏன் இண்டைக்குத் தொறக்கிறாய் எண்டு. போன மாசம் யார்டுக்குள்ள ஒரு குழாய் இறக்கினாங்களே, சோதனைக்கெண்டு. மூணு நாள் இரவு பகலா மோட்டர் ஓடிச்சு, படுத்தா கட்டில் காலில அதிருது. அந்த மூணு நாளும் எங்கட கெணத்த ஆரும் வந்து பாக்கேல்ல. பாக்கத் தேவல்ல, பதினொண்டும் நல்ல கெணறுதானே ரிப்போட்டில. ரெண்டாம் நாள் கறிக்கு உப்புப் போட மறந்திட்டன், தின்ன ஒருத்தருக்கும் தெரியேல்ல. மூணாம் நாள் மகள் தலை முழுகப் போனா. உம்மா, ஷம்பு நுரைக்குதில்ல எண்டு கூப்பிடுறா. நான் போய் ஒரு கை அள்ளி வாயில வச்சன்.

சேர், நான் கடற்கரையில பிறந்தவ. அது கெணத்துத் தண்ணி இல்ல.

மோட்டர நிப்பாட்டி ரெண்டு கிழமையில பழையபடி சவருக்கு வந்திட்டு. அல்ஹம்துலில்லாஹ். அது ஒரு குழாய், மூணு நாள். நீங்க குடுக்கப்போறது மூணு குழாய், வருசம் முழுக்க. சமைக்கிற தண்ணியும் போயிடும், குளிக்கிற தண்ணியும் போயிடும், வெங்காயத்துக்கு இறைக்கிற தண்ணியும் போயிடும். பிறகு நாங்க அழுதுகொண்டு உங்கட ஒஃபீஸுக்கு வருவம். நீங்க ஃபைலத் தொறப்பீங்க. பதினொரு கெணறும் நல்ல தண்ணி, எடுத்தது சித்தி ஸுலைஹா, கையெழுத்து இந்தா கிடக்கு எண்டு என்ட பேரக் காட்டுவீங்க. காட்டத்தானே வேணும் நீங்களும். அண்டைக்கு இந்தப் பத்து வீட்டுப் பொம்புளையளுக்கும் நான் எங்க போய் முகத்த வைக்கிறது?

ரெண்டு ராவா நித்திரை இல்ல. ஹில்மி கையெழுத்துக்கு வருவினம் எண்டு ஞாயித்துக்கிழமை சொன்னதில இருந்து. ஒரு பக்கம் திரும்பிப் படுத்தா, போட்டிட்டுப் பேசாம இரு எண்டு மனம் சொல்லுது. மற்றப் பக்கம் திரும்பினா மோட்டர் சத்தம் கேக்கிற மாதிரி இருக்கு. மோட்டர் ஓடவும் இல்ல.

சரி, இப்ப என்ன செய்யலாம்? புதுசா எடுக்கலாமா? பதினொண்டையும்? எடுங்க. ஒரு பொம்புள ஒஃபீசரக் கூட்டிக்கொண்டு வாங்க, அவவே கெணத்தடிக்குப் போய் எடுக்கட்டும். குசினிப் பக்கம் விடாதீங்க. அதுக்கு முதல் இந்தப் பழசு பிழை எண்டு ஒரு வாக்குமூலம் வேணுமா? ஓம், விளங்குது, காரணம் இல்லாம உங்களாலயும் ஃபைல நிப்பாட்ட ஏலாதுதானே. அந்த வாக்குமூலமும் பலகையில ஒட்டுவீங்களா? பேரோட? முப்பது நாள்.

எண்டைக்கு ஒட்டுவீங்க?

நாளைக்கேவா.

இல்ல, சும்மா கேட்டன்.

மற்றவங்கட பேர எழுதவேணாம் சேர். கைருன்னிஸா சொன்னது, நபீலா வெளிச்சத்தில பிடிச்சது, அதெல்லாம் உங்களுக்கு விளங்கிறதுக்குச் சொன்னது. எடுத்ததும் நான், லேபல் ஒட்டினதும் நான். பத்துப் பேரும் குசினிக்குள்ள நிண்டு தாறாங்க எண்டு தெரிஞ்சதும், வா கெணத்தடிக்கு எண்டு கையப் பிடிச்சு இழுத்திருக்கலாம். என்ட சொல்ல ஆரும் தட்டமாட்டாங்க. இழுக்கேல்ல நான். ஏனெண்டா முதலாம் நம்பர் போத்தல் ஏற்கனவே ஐஸ் பெட்டிக்குள்ள இருந்திச்சு. அது இந்த வீட்டுப் போத்தல். முதல் நாளே நிரப்பினன், கேனில இருந்து, கிளவுஸும் போட்டுக்கொண்டு. அத வச்சுக்கொண்டு நான் மற்றவளுக்கு என்ன வாயால சொல்லுறது.

ஓம், எனக்கும் ஒரு குமர்ப்பிள்ளை. ஸஃப்னா எண்டு பேர். வாப்பா மவுத்தாகி நாலு வருசம். தையல்காரி வீட்ட போயிருக்கிறா எண்டு சொன்னன்தானே, நிக்காஹ் உடுப்பு. வாற வெள்ளிக்கிழமை.

இண்டைக்கு செவ்வாய்.

அவங்க கேட்டாங்க சேர், மாப்பிளட வாப்பா. படிச்ச மனுசன், மரியாதையான ஆக்கள், பஸீனா வீட்டுக் கதை அவங்களுக்கும் எட்டியிருக்கு. கெணறு எப்பிடி எண்டு கேட்டார். நான் வாயால ஒண்டும் சொல்லேல்ல. உங்கட கையில இருக்குதே அந்த ரிப்போட், அதில என்ட வீட்டுப் பக்கத்த ஹில்மியிட்டக் கேட்டு ஒரு கொப்பி எடுத்து வச்சிருந்தனான், அத நீட்டினன். குடிக்க உகந்தது எண்டு போட்டிருக்கிறத சபையில எல்லாருக்கும் சத்தமா வாசிச்சார். வாசிச்சு முடிய அண்டைக்கே நாள் குறிச்சாங்க. அந்தக் கொப்பிய இந்த வீட்டு உறுதியோட சேத்து அவங்கட அலுமாரியில வச்சிருக்கிறாங்க.

இல்ல, ஸஃப்னாவுக்கு இன்னும் சொல்லேல்ல. அவ வாறதுக்கு முந்தி முடிச்சிருவம்.

எழுதுங்க சேர். முதலாம் நம்பர் கெணறு. சித்தி ஸுலைஹா. தண்ணி உப்பு எண்டு எழுதுங்க. வாசிச்சுக் காட்டுங்க, அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடுறன்.